மறு: கப்பல் நீச்சல் குளத்தில் துண்டு போட்ட இடம் போய்விட்டது

காலை ஏழு மணிக்கே குளத்தோரம் நான்கு சாய்வு நாற்காலிகளில் துண்டு போட்டீர்கள். டிபன் முடித்து ஒன்பதரைக்கு வந்தால் வேறு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது, துண்டுகளை ஊழியர் எடுத்துவிட்டார் என்கிறீர்கள். கோபம் புரிகிறது. ஆனால் தப்பு உங்கள் பக்கம்தான்.

கோயம்பேட்டில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு சீட் பிடித்த நமக்கு இது உரிமை மாதிரித்தான் தோன்றும். அங்கேகூட போட்டவர் பின்னாலேயே ஏறிவிடுவார். இரண்டரை மணி நேரம் கழித்து வந்து கேட்டால் எந்தக் கண்டக்டர் ஒத்துக்கொள்வார்? கப்பலில் இதற்குக் கணக்கே உண்டு. ராயல் கரீபியன் நிறுவனத்தின் உல்லாசக் கப்பல்களில் 30 நிமிடம், கார்னிவல் நிறுவனத்தின் கப்பல்களில் 40 நிமிடம் என்பது வழக்கம். ஆளில்லாத நாற்காலியை ஊழியர் குறித்துக்கொள்வார், கெடு தாண்டினால் பொருட்களை எடுத்துவிடுவார். (அந்தத் துண்டுகளை மறக்காமல் கேட்டு வாங்கித் திருப்பிக் கொடுங்கள். பல கப்பல்களில் துண்டு குறைந்தால் அறைக் கணக்கில் பணம் ஏறும்.)

அப்பாவுக்கு முட்டிவலி என்றீர்களே, அடுத்த முறை அவரையும் அம்மாவையும் முதலில் உட்கார வைத்துவிட்டு, நீங்கள் முறை மாற்றிச் சாப்பிடப் போங்கள். நான்கு நாற்காலி வேண்டாம், இரண்டு போதும், பிள்ளைகள் தண்ணீரை விட்டு வரப்போவதில்லை. கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளில் பாதிப் பேர் ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார்கள், அன்று தளமே காலி.

வேறு யாராவது துண்டு போட்டிருந்தால் நீங்களே எடுக்காதீர்கள், ஊழியரைக் கூப்பிடுங்கள். நான் ஒருமுறை எடுத்தேன். அடியில் ஒரு பெரியவரின் மூக்குக்கண்ணாடி. மனிதர் பாத்ரூம் போயிருந்தார், அவ்வளவுதான்.