எழுந்தால் கண் இருட்டுகிறது: மாத்திரைதான் காரணமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 71. ரத்த அழுத்தத்திற்காகப் பல ஆண்டுகளாக டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். புராஸ்டேட் வீக்கத்திற்காக மூன்று வாரங்களுக்கு முன் டாம்சுலோசின் தொடங்கினார்கள். அதன்பின் இரவில் எழுந்தால் கண் இருட்டுகிறது. ஒருமுறை கழிப்பறை வாசலில் விழுந்துவிட்டார். உட்காரவைத்துப் பார்த்தால் 120/76 இருக்கிறது. இது வயதின் தளர்ச்சியா? - வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: வயதைக் காரணம் சொல்வதற்கு முன் மாத்திரைகளைத்தான் நான் சந்தேகிப்பேன். நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. ரத்தக் குழாய்கள் உடனே சுருங்குவதால்தான் மூளைக்குப் போகும் ரத்தம் குறைவதில்லை. டாம்சுலோசின் சிறுநீர்ப்பையின் வாயிலில் உள்ள தசையைத் தளர்த்துவதற்கான மருந்து என்றாலும், சிலருக்கு, குறிப்பாகத் தொடங்கிய புதிதில், ரத்தக் குழாய்களையும் தளர்த்திவிடுகிறது. ஹைட்ரோகுளோரோதயசைடோ உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றுவது. சென்னையின் கத்திரி வெயிலில் வியர்வையாகவும் நீர் போய்விட, இரவில் எழ வேண்டியிருக்குமே என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டால் (புராஸ்டேட் தொல்லை உள்ள பலர் இப்படிச் செய்வதைப் பார்க்கிறேன்) அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும்.

உட்கார்ந்து பார்த்த அளவு இதைக் காட்டாது. ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருமுறையும், எழுந்து நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும், நீங்கள் பக்கத்தில் நின்றபடி அளந்து எழுதிவையுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது நிலை மாறும்போது ஏற்படும் தாழ் அழுத்தம்.

எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். டாம்சுலோசினை நிறுத்தினால் சிறுநீர் மீண்டும் தடைப்படலாம். அந்த அளவுகளோடும் எல்லா மாத்திரை அட்டைகளோடும் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தத்திற்கு ஒருவரையும் சிறுநீருக்கு இன்னொருவரையும் பார்க்கும்போது, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. இருவருக்கும் முழுப் பட்டியலையும் காட்டுங்கள். டாம்சுலோசினை வெறும் வயிற்றில் சாப்பிட்டால் ரத்தத்தில் அதன் அளவு கூடும் என்பதால், தினமும் ஒரே வேளை உணவுக்குப் பின் அரை மணி நேரம் கழித்துத் தரவும்.

அதுவரை இரவில் அவர் சில நிமிடங்கள் கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டு எழட்டும், சிறுநீரையும் உட்கார்ந்தே கழிக்கட்டும். விழுந்தபோது தலையில் அடிபட்டிருந்தாலோ, இனி நினைவு தப்பினாலோ, நெஞ்சு வலித்தாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.