கம்பிக்குள் கடுமை காட்டினால் போதுமா?

கேள்வி: சிறையில் கடுமை காட்டினால்தானே மறுபடி தப்பு செய்யப் பயப்படுவார்கள்?

பதில்: கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 30 மாநிலங்களில் 2005-இல் விடுதலையானவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 3 ஆண்டுகளுக்குள் மீண்டும் கைதானார்கள். கடுமையைவிடத் திருத்துவதற்கே முக்கியத்துவம் தரும் நார்வேயில் 2 ஆண்டுகளுக்குள் மறுபடி தண்டனை பெறுவோர் சுமார் 20 சதவீதம்தான். (முன்னது கைதுக் கணக்கு, பின்னது தண்டனைக் கணக்கு, இரண்டையும் அப்படியே ஒப்பிட்டுவிடாதீர்கள்!)

ஆனால், திருந்துவதற்குச் சிறைக்குள் தரும் தொழிற்பயிற்சி மட்டும் போதாது. கோட்டைவிடுவது பெரும்பாலும் விடுதலை நாளில்தான். வெள்ளிக்கிழமை மாலை வெளியே விட்டால் எந்த அலுவலகமும் திறந்திருக்காது. அடையாள அட்டை இல்லை, தங்க இடமில்லை, போதை மீட்பு மாத்திரையும் தீர்ந்திருக்கும். பழைய கூட்டாளியின் வீட்டுக் கதவுதான் திறந்திருக்கும். அட்டை, தங்குமிடம், மருந்துச் சீட்டு மூன்றையும் சில மாதங்களுக்கு முன்பே தயார் செய்ய வேண்டும். முதல்முறை சிறு திருட்டில் சிக்கியவரைப் பழங்குற்றவாளிகளோடு அடைப்பது, காசு வாங்காமல் திருட்டுத் தொழில் கற்றுக்கொடுப்பது மாதிரி.