மோட்டார் ஹோமில் யூக்கான் சென்று திரும்ப முப்பது நாள் போதுமா?

நீங்களும் உங்கள் மனைவியும் ஓய்வு பெற்றுவிட்டதாகவும், படுக்கையும் சமையலறையும் கொண்ட மோட்டார் ஹோம் வண்டி ஒன்றில் அலாஸ்கா நெடுஞ்சாலை வழியாகக் கனடாவின் வடமேற்கு மூலையிலுள்ள யூக்கான் சென்று, அங்கிருந்து டெம்ப்ஸ்டர் சாலையில் ஆர்க்டிக் கடல் வரை போய்த் திரும்ப முப்பது நாள் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தினமும் வண்டி ஓட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்யப்போவதில்லை என்றால் போதும். நானும் என் கணவரும் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்து எட்மன்டனிலிருந்து ஆகஸ்ட் முதல் வாரத்தில் கிளம்பி, 38 நாள்களில் ஏறக்குறைய 6,500 கிலோமீட்டர் சென்று வந்தோம். அப்படியும் ஆர்க்டிக் கடலைப் பார்க்கவில்லை. ஆர்க்டிக் வட்டத்தைக்கூடத் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்பதுதான் உங்களுக்குப் பயன்படும் என்று தோன்றுவதால், போன இடங்களைவிடப் போகாத இடத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதுகிறேன்.

எங்களுடையது 24 அடி நீளமுள்ள, ஏற்கெனவே ஒருவர் பத்தாண்டுகளுக்கு மேல் ஓட்டிய வண்டி. நூறு கிலோமீட்டருக்கு 24, 25 லிட்டர் பெட்ரோல் குடித்தது. மொத்தத்தில் 1,600 லிட்டர் போல ஆயிற்று. வடக்கே போகப் போக விலையும் ஏறுகிறது, பங்க்குகளுக்கு இடையிலான தொலைவும் கூடுகிறது. ஆகவே தொட்டி பாதியானதும் அடுத்த பங்க்கில் விலை பார்க்காமல் நிரப்பிவிடுவது என்பதை ஒரு விரதம்போலக் கடைப்பிடித்தோம். பல மணி நேரம் கைப்பேசிக்குச் சமிக்ஞையே கிடைக்காத சாலை அது. நாளொன்றுக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய நாள்களில் மாலையில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். கோபம் ஒன்றுமில்லை, களைப்புதான்.

அலாஸ்கா நெடுஞ்சாலை தொடங்கும் மைல் 0 கம்பம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் டாசன் க்ரீக் ஊரில் இருக்கிறது. (தங்க வேட்டைக்குப் பெயர்போன டாசன் சிட்டி வேறு, அது அங்கிருந்து 1,900 கிலோமீட்டர் தள்ளி யூக்கானில் இருக்கிறது. வரைபடத்தில் தேடும்போது கவனமாக இருங்கள்.) 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கிய பிறகு, அலாஸ்காவைத் தரைவழியாக எட்டியாக வேண்டும் என்ற அவசரத்தில், அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படையினர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் 1942 மார்ச்சில் தொடங்கி அக்டோபருக்குள் வெட்டி முடித்த பாதை இது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பினப் படைப்பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். படையினர் முதலில் வழக்கம்போல மரங்களையும் தரையை மூடியிருந்த பாசியையும் வழித்தெடுத்துவிட்டுச் சாலை போட முயன்றிருக்கிறார்கள். போர்வை நீங்கியதும், அதன் கீழே ஆண்டு முழுவதும் உறைந்துகிடந்த நிலம் வெயிலில் இளகிச் சேறாகி, இயந்திரங்களை விழுங்கத் தொடங்கியது. பிறகுதான் பாசியை அப்படியே விட்டுவிட்டு, அதன்மேல் மரத்தடிகளை அடுக்கி மண்ணைக் கொட்டக் கற்றுக்கொண்டார்கள். பயணத்துக்கு முன்பு இதைப் படித்தபோது பழங்கதை என்றுதான் நினைத்தேன்.

முதல் வாரத்தில் நீங்கள் அவசரப்படக் கூடாத இடம் லையர்ட் ஆற்று வெந்நீர் ஊற்று. ஃபோர்ட் நெல்சனைத் தாண்டி, மலைப்பகுதியைக் கடந்து, பச்சைக் கல்லை உருக்கி ஊற்றியதுபோன்ற மஞ்சோ ஏரியின் கரையோடு வளைந்து செல்லும் சாலையில் போனால் அது வரும். சதுப்பு நிலத்தின்மேல் அமைத்த மரப்பலகைப் பாதையில் முக்கால் கிலோமீட்டர்போல நடந்தால், காட்டின் நடுவே ஆவி பறக்கும் குளம். நீர் 42 பாகையிலிருந்து 52 பாகை செல்சியஸ் வரை இருக்கும். ஊற்றுக்கண்ணுக்கு அருகே நம்மால் நிற்க முடியாது, தள்ளிப்போகப் போகத் தணியும். ஒரு நாள் தங்குவதாக இருந்த நாங்கள் மூன்று நாள் தங்கினோம். என் முழங்கால் வலிக்கு அதன் பிறகு இரண்டு வாரம் மாத்திரை தேவைப்படவில்லை. சுற்றுவட்டாரத்தில் பைசன் எனப்படும் காட்டெருமைகள் சாலையோரப் புல்லை மேய்ந்துகொண்டு நிற்கும்; சாலையின் நடுவிலும் நிற்கும். ஹாரன் அடித்துப் பயனில்லை, அவை நகரும் வரை நாம்தான் காத்திருக்க வேண்டும். வாட்சன் லேக் என்ற ஊரில் ஊர்ப்பெயர்ப் பலகைகளால் ஆன 'காடு' ஒன்று உண்டு. 1942இல் ஊர் நினைவு வந்த ஒரு படைவீரர் நட்ட ஒற்றைப் பலகை இன்று 80,000க்கும் மேலாகப் பெருகியிருக்கிறது. அதற்கு அரை மணி நேரம் போதும்.

வண்டிக்குள் வாழ்வதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பயணத்தை நடத்துவதும் கெடுப்பதும் அதுதான். மூன்று தொட்டிகள் உண்டு: நல்ல தண்ணீருக்கு ஒன்று, பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் சேரும் 'கிரே' தொட்டி ஒன்று, கழிவறைக்கான 'பிளாக்' தொட்டி ஒன்று. வண்டியை நிறுத்தித் தங்கும் யூக்கான் அரசின் முகாம்களில் மின் இணைப்போ குழாய் இணைப்போ கிடையாது. ஊர்களில் உள்ள 'சானி டம்ப்' என்னும் இடத்தில்தான் கழிவைத் திறந்துவிட வேண்டும். அரிசியை மூன்று முறை களைந்து ஊற்றும் பழக்கமுள்ளவர்கள் நான்கே நாளில் கிரே தொட்டியை நிரப்பிவிடுவார்கள். நாங்கள் நிரப்பினோம். பிறகு களைந்த நீரிலேயே பருப்பை வேகவைத்து, ஒரே குக்கரில் சமையலை முடித்து, தட்டை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவும் ஒழுங்குக்கு வந்தோம்.

பிளாக் தொட்டி என் கணவரின் பொறுப்பு. அதற்கு ஈடாக, பின்னோக்கி வண்டியை நிறுத்தும்போது வெளியே இறங்கி நின்று வழிகாட்டுவது என் பொறுப்பு. எந்த முகாமிலும் மாலை ஐந்து மணிக்குத் தம்பதிகள் சண்டையிடும் காட்சியைப் பார்க்கலாம். எல்லாமே பின்னோக்கி நிறுத்தும்போது வருவதுதான். நாங்கள் மூன்றாம் நாளே குரலை நிறுத்திவிட்டுக் கைச்சைகைக்கு மாறினோம். கண்ணாடியில் நான் தெரியாவிட்டால் அவர் உடனே வண்டியை நிறுத்திவிட வேண்டும் என்பது ஒரே விதி. இன்னொன்று, வெப்பமூட்டி புரோப்பேன் எரிவாயுவில் எரிந்தாலும் அதன் விசிறி பேட்டரியில்தான் ஓடுகிறது. செப்டம்பர் இரவொன்றில் மூன்று மணிக்கு எங்கள் பழைய பேட்டரி இறங்கி, வெப்பமூட்டி நின்று, இருவரும் கம்பளிக் குல்லாயோடு எழுந்து உட்கார்ந்திருந்தோம். கிளம்புமுன் பேட்டரியைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இப்போது டெம்ப்ஸ்டர். டாசன் சிட்டிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் கிழக்கே பிரியும் இந்தச் சரளைச் சாலை 1979இல் திறக்கப்பட்டது. முன்பு இனுவிக் என்ற ஊர் வரைதான் போக முடியும். அங்கிருந்து கடற்கரை ஊரான டுக்டோயாக்டுக் வரை 2017 நவம்பரில் சாலை திறந்த பிறகு, கனடாவில் ஆர்க்டிக் கடலைச் சொந்த வண்டியில் சென்று தொடலாம் என்று ஆயிற்று. என் கணவர் அதற்காகவே இந்த வண்டியை வாங்கினார் என்றாலும் தவறில்லை. உறைந்த நிலம் இளகாமலிருக்க அதன்மேல் தடிமனாகச் சரளையைக் குவித்து, ஒரு நீண்ட கரைபோல உயர்த்திப் போட்டிருக்கிறார்கள். 1942இல் பட்ட பாடத்தின் பயன். அந்தச் சரளையில் கத்திமுனை போன்ற கற்கள் கலந்திருக்கின்றன.

அந்தச் சாலையில் உள்ள டோம்ப்ஸ்டோன் பூங்காவில் மூன்று நாள் தங்கினோம். ஆகஸ்ட் கடைசியில் அங்கே மரமில்லாத மலைச்சரிவு முழுவதும், முழங்கால் உயரச் செடிகள் செம்பருத்தி நிறத்தில் பழுத்துக் கிடக்கின்றன. இரவு வடதுருவ ஒளி பச்சைத் துணியாக அசைந்தது. நடுக்கோடையில் வருபவர்களுக்கு இருட்டே இல்லாததால் இது கிடைக்காது. கொசு மட்டும் கிடைக்கும். அங்கிருந்து கிளம்பிய மறுநாள், சாலையின் 190ஆவது கிலோமீட்டருக்குச் சற்று முன்பாக, பின்பக்க இரட்டைச் சக்கரங்களில் ஒன்று கிழிந்தது. பின்னால் வந்த பிக்கப் வண்டிக்காரர் ஒருவர் நாங்கள் கை காட்டும் முன்பே நிறுத்தி, ஒரு மணி நேரம் உடனிருந்து சக்கரம் மாற்ற உதவினார். ஆனால் கையிலிருந்த ஒரே மாற்றுச் சக்கரம் தீர்ந்துவிட்டது. அடுத்த பணிமனை 369ஆவது கிலோமீட்டரில், ஈகிள் ப்ளெய்ன்ஸில். ஆர்க்டிக் வட்டம் 405இல்.

அன்றிரவு எஞ்சினியர் க்ரீக் முகாமில் என் கணவர், "இன்னும் இருநூறு கிலோமீட்டர்தானேம்மா" என்றார். "போறதுக்கு இருநூறு சரிங்க, வர்றதுக்கு யார் கணக்கு போடறது?" என்றேன். அவர் பதில் சொல்லாமல் வரைபடத்தை மடித்து வைத்தார். காலையில் எழுந்து தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, நான் மறுபடி கேட்காமலே வண்டியைத் தெற்கே திருப்பினார். டாசன் வரை அதிகம் பேசவில்லை. நான் சொன்னது சரிதானா என்று எனக்கே இன்னும் உறுதியில்லை. அவர் பேச்சைக் கேட்டுப் போயிருந்தால் ஈகிள் ப்ளெய்ன்ஸில் சக்கரம் கிடைத்திருக்கலாம். ஆனால் முப்பது நாளுக்குத் திட்டமிட்டிருந்தால் நாங்கள் துணிந்து போயிருப்போம் என்பது நிச்சயம். நாள் கையிலிருந்ததால்தான் திரும்ப முடிந்தது.

மிச்சப்பட்ட அந்த நாள்களை யூக்கானின் தென்மேற்கிலுள்ள க்ளூவான் ஏரியில் செலவிட்டோம். கனடாவின் மிக உயரமான லோகன் சிகரம், 5,959 மீட்டர், அதையொட்டிய க்ளூவான் தேசியப் பூங்காவில்தான் இருக்கிறது, ஆனால் சாலையிலிருந்து தெரியாது. தெரிவது வேறொன்று. ஏரியின் தென்முனையில் சாலை ஒரு பெரிய ஆற்றுப்படுகையைக் கடக்கிறது. அகலமான படுகை, நீரோ மிகக் கொஞ்சம், காற்றடித்தால் புழுதி மேகம். ஸ்லிம்ஸ் என்ற அந்த ஆற்றுக்கு நீர் தந்த காஸ்காவுல்ஷ் பனிப்பாறை பின்வாங்கியதால், 2016இல் உருகுநீர் சில நாள்களுக்குள் வேறு ஆற்றுக்குத் திரும்பிவிட்டது. வடக்கே பேரிங் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் இப்போது தெற்கே பசிபிக்கில் விழுகிறது. ஏரியின் மட்டமும் இறங்கிவிட்டது. அந்தப் பாலத்தில் நின்றபோதுதான் என் கணவர் இரண்டு நாளுக்குப் பிறகு வழக்கம்போலப் பேசத் தொடங்கினார்.

அதற்கு வடக்கே, டிஸ்ட்ரக்‌ஷன் பே முதல் அலாஸ்கா எல்லையருகே உள்ள பீவர் க்ரீக் வரை, அடியில் உறைந்த நிலம் இளகி மேடுபள்ளமாக அமுங்குவதால் தார்ச்சாலை அலை அலையாக எழும்பிக் கிடக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள். நான் 70இல் போனேன். மேலலமாரி திறந்து எலுமிச்சை ஊறுகாய்ச் சாடி தரைவிரிப்பில் விழுந்து உடைந்தது. திரும்பும் வழியில் தங்கிய காங்டன் க்ரீக் முகாமோ, சோப்பெர்ரி என்னும் காட்டுப் பழத்தைத் தின்ன வரும் கிரிஸ்லி கரடிகளுக்காகக் கூடாரக்காரர்களை மின்வேலிக்குள் தங்கவைக்கும் இடம். பாத்திரம் கழுவிய நீரைக்கூட வெளியே கொட்டக் கூடாது என்று எல்லா முகாமிலும் எழுதியிருக்கும்போது, ஊறுகாய் வாசனையில் ஊறிய வண்டிக்குள் நாங்கள் எப்படித் தூங்கியிருப்போம் என்பதை ஊகித்துக்கொள்ளுங்கள். கரடி எதுவும் வரவில்லை.

பீவர் க்ரீக்கோடு நாங்கள் திரும்பியதற்குக் காரணம் சாலையல்ல. எங்களிடம் இருப்பது இந்தியக் கடவுச்சீட்டு. அவருடைய அமெரிக்க விசா முடிந்திருந்தது. உங்களுக்கும் அப்படியென்றால், அலாஸ்காவுக்குள் போவதாக இருந்தால் அதை முதலில் பாருங்கள். யூக்கான் முகாம்கள் பலவற்றில் பணத்தை உறையில் போட்டுப் பெட்டியில் இட வேண்டும், ஆகவே சில்லறை நோட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள்; விறகு அங்கேயே கிடைக்கும், தனியே காசில்லை. வாடகை வண்டி என்றால் டெம்ப்ஸ்டரில் ஓட்ட அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தில் வாசித்துவிடுங்கள். பல ஒப்பந்தங்களில் இராது. கடல் வரை போகத்தான் வேண்டுமென்றால் ஐம்பது நாளும் இரண்டு மாற்றுச் சக்கரங்களும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக் கொட்டகையில் போன மாதம் இரண்டாவது மாற்றுச் சக்கரம் வந்து சேர்ந்திருக்கிறது. எதற்கு என்று நான் இன்னும் கேட்கவில்லை.