வாசகர் கேள்வி – பதில்: ஒரு தொலைபேசி மட்டும் பதிவாவது ஏன்?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் சிறிய அலுவலகத்தில் மூன்று ஐபி தொலைபேசிகள் ஒரே ரவுட்டரின் பின்னால் இருக்கின்றன. வாடகைக்கு எடுத்த சர்வர் ஒன்றில், பொது முகவரியுடன், அஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி இணைப்பக மென்பொருள் இயங்குகிறது. காலையில் முதலில் இயக்கப்படும் தொலைபேசி மட்டும் பதிவாகிறது. மற்ற இரண்டும் பதிவாவதே இல்லை. சர்வர் ஒவ்வொரு முறையும் 401 என்று பதில் அனுப்புவதால் கடவுச்சொற்களை மாற்றிப் பார்த்தோம், பயனில்லை. ரவுட்டரில், ஐபி தொலைபேசிகள் வழக்கமாகப் பயன்படுத்தும் 5060 என்ற போர்ட்டை (வாயில் எண்) திறந்துவிடச் சொல்கிறார்கள். திறக்கலாமா?
– ஒரு வாசகர், அல்சூர்

பதில்: திறக்க வேண்டாம். திறந்தாலும் அந்தப் போர்ட் ஒரே ஒரு தொலைபேசிக்குத்தான் போய்ச் சேரும்; அதோடு, இணையம் முழுவதும் 5060ஐத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் நிரல்கள் அந்தத் தொலைபேசியை நள்ளிரவில் அடிக்க வைக்கும்.

முதலில் 401ஐப் பற்றிய தவறான எண்ணத்தை விட்டுவிடுங்கள். முதல் பதிவுக் கோரிக்கை கடவுச்சொல் விவரம் இல்லாமலே வரும். அதற்கு ‘அடையாளத்தை நிரூபிக்கவும்’ என்று சர்வர் வழக்கமாக அனுப்புவதே 401. அந்தப் பதில் தொலைபேசியை எட்டியதா என்பதுதான் இங்கே கேள்வி. சர்வரில், வந்துபோகும் செய்திகளைக் காட்டும் எஸ்என்கிரெப் கருவியைத் திறந்து, அடுத்தடுத்து வரும் கோரிக்கைகளை ஒப்பிடுங்கள். வரிசை எண் கூடி, அங்கீகார வரியுடன் புதிய கோரிக்கை வந்தால் பதில் எட்டிவிட்டது. அதன்பிறகும் 401 வந்தால் கடவுச்சொல்லைச் சந்தேகிக்கலாம். மாறாக, வரிசை எண்ணும் கிளை அடையாளமும் (கோரிக்கையின் தனிக் குறியீடு) சற்றும் மாறாமல், அரை விநாடி, ஒரு விநாடி, இரண்டு, நான்கு என்ற இடைவெளிகளில் அதே கோரிக்கை திரும்பத் திரும்ப வந்தால், சர்வர் அனுப்பிய பதில் வழியில் தொலைந்துபோகிறது.

தங்கள் அலுவலகத்தில் அது தொலையும் இடம் ஏறக்குறைய உறுதியாகத் தெரிகிறது. தொலைபேசி தன் கோரிக்கையில், பதில் எங்கே வர வேண்டும் என்று சொல்லும் வயா வரியில் 192.168.1.12, போர்ட் 5060 என்று தன் உள் முகவரியையே எழுதுகிறது. இணையவழி அழைப்புகளுக்கான சிப் நெறிமுறையை வகுத்த, 2002இல் வெளியான ஆர்எஃப்சி 3261 என்ற இணையத் தர ஆவணத்தின்படி, பாக்கெட் உண்மையில் வந்த முகவரி வேறாக இருந்தால் சர்வர் அதைக் குறித்துக்கொண்டு அந்த முகவரிக்கே பதில் அனுப்பும். ஆனால் போர்ட் எண்ணை மட்டும் வயா வரியில் எழுதியபடியே எடுத்துக்கொள்ளும். பல ரவுட்டர்கள், நாட் செய்யும்போது (உள் முகவரிகளை ஒரே வெளி முகவரியாக மாற்றும்போது), முதலில் வரும் தொலைபேசிக்கு 5060ஐ மாற்றாமல் விட்டுவிட்டு, அடுத்தவற்றுக்கு வேறு எண்களைக் கொடுக்கும். ஆகவே இரண்டாம் தொலைபேசிக்கான பதிலும் 5060க்கே வந்து முதல் தொலைபேசியிடம் போய்ச் சேர்கிறது. அது தன் கோரிக்கைக்கான பதில் அல்ல என்பதால் முதல் தொலைபேசி அதைப் புறக்கணித்துவிடுகிறது. முதலில் இயக்கியது மட்டும் பதிவாவதன் காரணம் இதுதான்.

இந்தக் குறையைத் தீர்க்கவே 2003இல் ஆர்எஃப்சி 3581 வந்தது. தொலைபேசி வயா வரியில் ஆர்போர்ட் என்ற சொல்லைச் சேர்த்தால், பாக்கெட் வந்த போர்ட்டுக்கே சர்வர் பதில் அனுப்ப வேண்டும். தொலைபேசி அதைச் சேர்க்காவிட்டாலும், சேர்த்ததாகவே கொள்ளும்படி சர்வருக்குச் சொல்லலாம். அஸ்டெரிஸ்க் சிப் அழைப்புகளைக் கையாளும் புதிய பிஜேசிப் முறையில் ‘ஃபோர்ஸ் ஆர்போர்ட்’ இயல்பாகவே ‘யெஸ்’ என்றிருக்கும். எங்கிருந்தோ நகலெடுத்த அமைப்புக் கோப்பில் அது ‘நோ’ ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய சான்‌சிப் முறையில் ‘நாட்’ என்ற வரியைச் சரிபாருங்கள். அந்த முறை 2023இல் வெளிவந்த 21ஆம் பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டதால், மாறிக்கொள்வதே நல்லது. ரவுட்டரில் சிப் ஏஎல்ஜி என்ற வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். உதவி செய்வதாக எண்ணி அது பாக்கெட்டுகளைத் திருத்தி, சர்வர் சரியாகச் செய்யும் வேலையைக் குலைக்கும்.

கேள்வி: ஒயிட்ஃபீல்டில் உள்ள என் வீட்டுத் தொலைபேசி சரியாகப் பதிவாகிறது. ஆனால் எனக்கு வரும் அழைப்புகள் அரை நிமிடம் கழிந்ததும் அறுந்துவிடுகின்றன; சில சமயம் மணியே அடிப்பதில்லை. ரவுட்டரின் வெளி முகவரி 100.70 என்று தொடங்குகிறது.
– ஒரு வாசகி, ஒயிட்ஃபீல்டு

பதில்: 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் பக்கம் பெரிய அளவில் செய்யும் ‘நாட்’ முகவரி மாற்றத்துக்காக ஒதுக்கப்பட்டவை. எனவே உங்கள் வீட்டில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் பயன் இராது. தீர்வு சர்வரில்தான் இருக்கிறது.

பதில்கள் வயா வரியைப் பின்பற்றும். புதிய கோரிக்கைகளோ, தன்னை எங்கே அடையலாம் என்று தொலைபேசி எழுதும் கான்டாக்ட் வரியைப் பின்பற்றும். நீங்கள் அழைப்பை எடுத்ததும் உங்கள் தொலைபேசி 200 என்று அறிவிக்கிறது. அதற்கான ஏற்புச் செய்தியைச் சர்வர் கான்டாக்ட் வரியிலுள்ள உள் முகவரிக்கு அனுப்புவதால் அது வந்து சேர்வதில்லை. தொலைபேசி 32 விநாடிகள் காத்திருந்து அழைப்பை முடித்துவிடுகிறது. ‘ரீரைட் கான்டாக்ட்’ என்பதை ‘யெஸ்’ ஆக்கினால் சர்வர் அந்த முகவரியைப் பாக்கெட் வந்த முகவரியாக மாற்றிக்கொள்ளும். மணி அடிக்காததற்குக் காரணம், பேச்சில்லாத நேரத்தில் நாட், எந்த வெளிப் போர்ட் எந்தத் தொலைபேசிக்கு உரியது என்ற தன் குறிப்பை மறந்துவிடுவதே. தொலைபேசி பயன்படுத்தும் யுடிபி என்ற அனுப்புமுறைக்கான அந்தக் குறிப்பை இரண்டு நிமிடங்களாவது வைத்திருக்க வேண்டும் என்று ஆர்எஃப்சி 4787 வகுத்திருந்தாலும், அதற்கு முன்பே மறக்கும் கருவிகள் உண்டு. சர்வர் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை தொலைபேசியை விசாரித்து அந்தக் குறிப்பை உயிர்ப்புடன் வைக்கும் என்பதைக் குறிக்கும் ‘குவாலிஃபை ஃப்ரீக்வென்சி’யை 25 விநாடி என்று வைத்து, இரவு முழுவதும் விட்டுவிட்டு, காலையில் வெளியிலிருந்து ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.