மேடு ஏறும்போது மட்டும் மிஸ்ஸிங் என்றால், எஞ்சினை இறக்குவதற்கு முன் பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்

நீங்கள் கேட்டிருப்பது இதுதானே: நான்கு சிலிண்டர் பெட்ரோல் பிக்கப், ஊட்டி பக்கம் காய்கறி ஓட்டம், மேட்டில் மிஸ்ஸிங் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் எஞ்சின் விட்டு விட்டு இழுப்பது). நான்கு பிளக்கும் (பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி தருவது) ஒரு காயிலும் (பிளக்குக்கு அதிக வோல்டேஜ் கொடுப்பது) புதிதாகப் போட்டும் இரண்டு வாரத்தில் திரும்ப வந்துவிட்டது. இப்போது பட்டறையில் எஞ்சினை இறக்கச் சொல்கிறார்கள்.

தயவுசெய்து இப்போதைக்கு இறக்க விடாதீர்கள். இதே கதை என் வண்டியில் மூன்று மாதம் நடந்தது. நான் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு காரட் ஏற்றுகிறேன். விடிவதற்குள் லோடோடு இறங்கும்போது எஞ்சினில் ஒரு குறையும் இருக்காது. உரமோ அரிசியோ ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டி ஏற்றம் பிடித்ததும் ஆரம்பிக்கும். செகண்ட் கியரில் மிதித்தால் வண்டி விட்டு விட்டு இழுக்கும், ஸ்டியரிங் வரை குலுக்கும். ஐப்பசி மழையில் இன்னும் மோசம்.

இறக்கத்தில் தெரியாததற்குக் காரணம் எளிது. கியரில் வைத்து காலை எடுத்துவிட்டு இறங்கும்போது இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடுகிறது. எரிய ஒன்றும் இல்லாதபோது மிஸ் ஆகவும் ஒன்றும் இல்லை. ஏற்றத்தில் முழுசாக மிதிக்கும்போது சிலிண்டருக்குள் காற்று நிறையப் போய் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக் கூட, பிளக்கின் முனையில் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் தேவைப்படும். அந்த நேரத்தில் கரண்டுக்கு வேறு சுலபமான வழி ஒன்று கிடைத்தால் அதில் போய்விடும். அதனால் 'ஸ்லோவில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) நன்றாக நிற்கிறது, மேட்டில் மட்டும் மிஸ்' என்றால் என் சந்தேகம் முதலில் பிளக், காயில் பக்கம்தான் போகும். அடுத்தது பெட்ரோல் பிரஷர். ஸ்லோவில் மட்டும் குலுக்கி, ரேஸ் கொடுத்தால் சரியாகிவிடுகிறது என்றால் கதை வேறு. காற்று இழுக்கும் ஹோஸ், பேக்கிங் எங்காவது விட்டிருக்கும்.

அப்புறம் ஸ்கேனர், அதாவது வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்த கோளாறு எண்ணைக் காட்டும் கருவி. பி0300 என்று வந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட சிலிண்டர்கள் மாறி மாறி மிஸ் ஆகின்றன; பெட்ரோல் பம்ப், ஃபில்டர், காற்றுக் கசிவு போன்ற பொதுவான விஷயத்தைத் தேட வேண்டும். பி0301 முதல் பி0304 வரை ஏதாவது ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வந்தால், கடைசி எண்தான் சிலிண்டர் எண். எனக்கு எப்போதும் பி0302. இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டினேன். மூன்றாவதில் இருந்தது இரண்டுக்கு வந்தது. மறுநாள் ஏற்றத்தில் ஸ்கேனர் எண் பி0303 ஆகிவிட்டது. காயில்தான் திருடன் என்று முடிவு செய்து புதியது வாங்கி இரண்டாவதில் போட்டேன். 12 நாள் வண்டி பறந்தது. 13-ஆம் நாள் முள்ளூர் ஏற்றத்தில் மறுபடியும் பி0302.

நீங்கள் இருப்பது இந்த இடத்தில்தான். இங்கேதான் எல்லோரும் 'அப்போ எஞ்சின்தான் போச்சு' என்று முடிவு கட்டுகிறார்கள்.

அரவேணு பக்கம் ஒரு பெரியவர் பட்டறை வைத்திருக்கிறார். அவர் ஸ்கேனரைத் தொடவே இல்லை. "தம்பி, பிளக்கைக் கழட்டும்போது குழிக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். இரண்டாவது காயிலை உருவினார். பிளக் குழியின் அடியில் ஒரு தேக்கரண்டி அளவு எஞ்சின் ஆயில் நின்றிருந்தது. பிளக்கை எடுத்துத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழே, பென்சிலால் இழுத்ததுபோல ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. துணியால் தேய்த்தார், நகத்தால் சுரண்டினார், போகவில்லை. பிளக்கின்மேல் மாட்டும் காயிலின் ரப்பரை விரித்துப் பார்த்தால் உள்ளே அதே நீளத்தில் சாம்பல் நிறத் தீய்ந்த கோடு. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியது. பொறி முனைக்குப் போகாமல் அந்தக் கோடு வழியாக ஹெட்டில் (பிளக் மாட்டியிருக்கும் எஞ்சின் பாகம்) இறங்கிக்கொண்டிருந்தது.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது என்னவென்றால், அந்தக் கோடு கரி. கரண்டைக் கடத்தும். கோடு விழுந்த பிளக்கில் புது ரப்பரைப் போட்டால் சில நாளில் ரப்பரிலும் கோடு விழும். கோடு விழுந்த ரப்பருக்குள் புது பிளக்கைப் போட்டால் பிளக் கெடும். நான் முதலில் பிளக்கை மட்டும் மாற்றினேன், அப்புறம் காயிலை மட்டும் மாற்றினேன். பழையது ஒவ்வொரு முறையும் புதியதைக் கெடுத்தது. இரண்டையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும். அதோடு எஞ்சின் உச்சியில் இருக்கும் டேப்பட் கவரின் பேக்கிங்கையும், பிளக் குழியைச் சுற்றியுள்ள வட்ட ரப்பர் சீலையும் மாற்ற வேண்டும். ஆயில் இறங்கியது அங்கிருந்துதான். சேற்றுக் காரட் ஏற்றிவிட்டு வாட்டர் சர்வீஸில் பானெட்டுக்குள் பிரஷரில் தண்ணீர் அடிப்பவர்களுக்கு ஆயிலுக்குப் பதில் தண்ணீர் நிற்கும். விளைவு ஒன்றேதான்.

ஒரு விஷயத்தில் ஏமாறாதீர்கள். பீங்கான் இரும்போடு சேரும் இடத்தில் பழுப்பு நிறத்தில் கறை இருப்பது சகஜம். அது கெடுதல் இல்லை. தேட வேண்டியது நீளவாக்கில் ஓடும் கோட்டை. பிளக்கை எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கழற்றுங்கள். திரும்பப் போடும்போது மரை பிடிக்கும்வரை கையால்தான் சுற்ற வேண்டும்.

கோடும் இல்லை, குழியும் காய்ந்திருக்கிறது, காயிலை இடம் மாற்றியும் ஸ்கேனர் எண் நகரவில்லை என்றால் பிளக்கையும் இன்ஜெக்டரையும் அதேபோல இடம் மாற்றிப் பாருங்கள். அதிலும் நகராவிட்டால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்கலாம். இங்கே மலைக்காரர்கள் நிறையப் பேர் பயந்துபோகிறார்கள். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம், காற்று மெலிது. மேட்டுப்பாளையத்தில் 180 பிஎஸ்ஐ காட்டும் அதே எஞ்சின் இங்கே 150 பக்கம்தான் காட்டும். ஊட்டியில் இன்னும் குறையும். அதைப் பார்த்து 'பிஸ்டன் ரிங் போச்சு' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் கணக்கு. மூன்று 145, ஒன்று 100 என்றால் அந்த ஒன்றில் கோளாறு. அதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். நன்றாக ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வோ ஹெட் பேக்கிங்கோ. வால்வு என்றாலும் முதலில் டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ளது) அளக்கச் சொல்லுங்கள். இடைவெளி இறுகிப்போய் வால்வு முழுசாக மூடாமல் இருந்தால், வால்வு கருகாதவரை, அதைச் சரிசெய்தாலே போதும்.

எஞ்சின் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் மட்டும் அப்படியே மலை ஏறாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பழுக்கக் காய்ச்சிவிடும். பிளக்கைவிட அது பல மடங்கு விலை. ஓரமாக நிறுத்தி, முடிந்தால் லோடை வேறு வண்டிக்கு மாற்றுங்கள்.

என் வண்டிக்கு அன்று போட்டது ஒரு பிளக், ஒரு காயில், டேப்பட் கவர் பேக்கிங் செட். இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது, பி0302 திரும்ப வரவில்லை.

உங்கள் ஸ்கேனரில் எந்த எண் வருகிறது, கழற்றிய பழைய பிளக்குகள் இன்னும் கையில் இருக்கின்றனவா என்று எழுதுங்கள். இருந்தால் பீங்கான் தெரியும்படி நான்கையும் வரிசையாக வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.