அறிவுமுதல்வாதத்துக்கும் அனுபவவாதத்துக்கும் என்ன வித்தியாசம்?

சில உண்மைகளைப் புலன்களின் துணையின்றி, யோசித்தே எட்டலாம் என்பது அறிவுமுதல்வாதம். (கடவுள் மறுப்பைக் குறிக்கும் பகுத்தறிவுவாதம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) மனத்தில் இருப்பதெல்லாம் அனுபவத்தால் வந்ததே என்பது அனுபவவாதம். இப்படிச் சொன்னால் தலையும் புரியாது, வாலும் புரியாது.

சரி, 1688இல் அயர்லாந்து அறிஞர் வில்லியம் மோலினூ, ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக்கிடம் கேட்டதைப் பாருங்கள். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் கனசதுரத்தையும் உருண்டையையும் தடவிப் பார்த்தே பிரித்துச் சொல்வார். அவருக்குத் திடீரென்று பார்வை வந்தால், தொடாமலே எது எதுவென்று சொல்வாரா?

அனுபவவாதியான லாக் முடியாது என்றார். கையில் குத்திய மூலை கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பது பழகித்தான் வரும். அறிவுமுதல்வாதியான ஜெர்மானியத் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் விடவில்லை. எதிரில் இருப்பவை அந்த இரண்டும்தான் என்று முன்பே சொல்லிவிட்டால், மூலை உள்ளது கனசதுரம், இல்லாதது உருண்டை என யோசித்தே கண்டுபிடிக்கலாம் என்றார்.

பின்னாளில் அறுவை சிகிச்சையால் பார்வை பெற்றவர்களைச் சோதித்தபோது, முதலில் திணறினார்கள். சில நாட்களில் தேறினார்கள். இதில் லாக்குக்கே என் ஓட்டு.

கணிதத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன்; அங்கே என் ஓட்டு அறிவுமுதல்வாதத்துக்கு. இரண்டு நீர்த்துளிகள் சேர்ந்தால் ஒரே துளிதான்; அதற்காக 1+1=2 என்பதை யாரும் திருத்துவதில்லையே!