ஊசிப்புழுவுக்கு மருந்து கேட்கிறதா? தக்காளிக் கேள்வி பதில்

தோவாளையிலிருந்து ஒருவர்: மூன்று மருந்து மாற்றி அடித்துவிட்டேன், அண்ணாச்சி. இலைக்குள் ஊசிப்புழு அப்படியே இருக்கிறது. மருந்து டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட் என்று முடிவு கட்டும் முன்னால் மூன்று டப்பாவின் பொடி எழுத்தையும் படியுங்கள். வெளியே மூன்று பெயர் இருக்கும், உள்ளே மூன்றிலும் குளோரான்ட்ரனிலிப்ரோல் என்ற ஒரே மூல மருந்துதான் என்றால் நீங்கள் மருந்தை மாற்றவே இல்லை. பிரேசிலிலும் இத்தாலியிலும் இந்த மருந்துக்கும் இதே மாதிரி வேலை செய்யும் மருந்துகளுக்கும் அசையாத ஊசிப்புழு வந்துவிட்டது. உங்கள் வயல் புழுவும் அப்படியா என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

பூதப்பாண்டி: அந்தச் சோதனையை வீட்டிலேயே செய்யலாமா?

ஓரளவு செய்யலாம். மருந்தே படாத தக்காளி இலை வேண்டும். ஒரு சட்டியில் தனியாக நான்கு செடி வளர்த்துக்கொள்ளுங்கள். வயலில் பாதிப்புள்ள இலையை வெயிலுக்கு நேரே பிடித்தால் உள்ளே புழு நிழலாடும். நாலைந்து மில்லிமீட்டர் நீளப் புழுவாகப் பார்த்து மெல்லிய பிரஷால் எடுங்கள். லேபிளில் சொன்ன அளவில் மருந்தைக் கலக்கி, இலையை மூன்று விநாடி முக்கி, ஈரம் உலர விடுங்கள். இன்னொரு பங்கு இலையை வெறும் தண்ணீரில் முக்குங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு பங்கையும் தனித்தனி டப்பாவில் போட்டு, ஒவ்வொன்றிலும் 20 புழு விட்டு, மூன்று நாள் கழித்து எண்ணுங்கள். மறுநாளே எண்ணினால் ஏமாந்து போவீர்கள்; இந்த மருந்து முதலில் வாயைத்தான் கட்டும், சாவு மெதுவாக வரும். பிரஷால் தொட்டும் ஒழுங்காக நகர முடியாத புழுவைச் செத்த கணக்கில் சேருங்கள்.

தண்ணீர் டப்பாவில் 18 உயிரோடு, மருந்து டப்பாவில் 3 என்று வையுங்கள். 18-லிருந்து 3 போக 15. அதை 18-ஆல் வகுத்தால், மருந்தால் செத்தது 83 சதவீதம். தானாகச் செத்ததை மருந்தின் கணக்கில் எழுதாமல் இருக்கத்தான் இந்த வகுத்தல். நான் முதல் தடவை டப்பாக்களை ஜன்னலோர வெயிலில் வைத்துவிட்டேன். தண்ணீர் டப்பாப் புழுவும் வெந்து கிடந்தது. அது சோதனையில் சேர்த்தியில்லை. அப்புறம், கையுறை போடுங்கள். அந்த டப்பா திரும்ப அடுக்களைக்குப் போகக் கூடாது.

ஆரல்வாய்மொழி: டப்பாவில் நன்றாகச் செத்தது, வயலில் சாகவில்லையே?

அப்படியென்றால் மருந்தில் குறையில்லை, அடித்த விதத்தில்தான். உங்கள் ஊர்க் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? காற்றாலை சுற்றுகிற நேரத்தில் அடித்தால் பாதி பக்கத்து வயலுக்குத்தான். காற்று அடங்கின நேரம் பார்த்து, இலையின் அடிப்பக்கமும் நனைகிற மாதிரி அடியுங்கள். அடித்த கையோடு மழை பெய்ததா என்றும் யோசியுங்கள்.

மார்த்தாண்டம்: மாடியில் ஆறு செடி. இலையில் பாம்பு நெளிந்த மாதிரி வெள்ளைக் கோடு. இதுவும் அதுதானா?

இல்லை, அது இலைச்சுரங்க ஈ. ஊசிப்புழு அகலமாகத் திட்டுப் போடும், உள்ளே கருப்பு எச்சம் தெரியும், காயில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை இருக்கும். ஆறு செடிக்கு மருந்து எதற்கு? இலையைக் கிள்ளிப் போடுங்கள்.

நாகர்கோவில்: சின்ன வயதில் இந்தப் புழுவைப் பார்த்ததே இல்லையே, சார்?

பார்த்திருக்க மாட்டீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து 2006-இல் ஸ்பெயினுக்குப் போய், 2014-இல் மகாராஷ்டிராவில் தென்பட்ட பூச்சி.

மறுபடி தோவாளை: இனக்கவர்ச்சிப் பொறியில் அந்துப்பூச்சி குறையவே இல்லை. அதை வைத்து மருந்து கேட்கவில்லை என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. பொறியில் விழுவது பெண் வாசனை தேடி வரும் ஆண் அந்துப்பூச்சி, அதாவது புழு வளர்ந்து ஆன பூச்சி, அதுவும் பக்கத்து வயலிலிருந்து பறந்து வந்ததாக இருக்கலாம். இலைக்குள் இருக்கிற புழுவை எண்ணுங்கள்.